மங்குஸ்தான் மாத்திரை வேண்டுமா?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை நோய். மங்குஸ்தான் தோலில் செய்த மாத்திரை சாப்பிட்டால் சர்க்கரை இறங்கும், புற்றுநோயும் அண்டாது என்று உறவினர் ஒருவர் வாங்கி வந்திருக்கிறார். கொடுக்கலாமா? பழத்தையே சாப்பிட்டால் போதாதா?

பதில்: மாத்திரையை இப்போதைக்குப் பிரிக்க வேண்டாம். பழம் சாப்பிடட்டும். இனிப்புப் பழம் என்பதால் ஒரு வேளைக்கு இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

உறவினர் சொன்னது முழுப் பொய் இல்லை. மங்குஸ்தானை உரித்தால் விரலில் ஊதாக் கறை ஏறும், தடித்த தோலிலிருந்து மஞ்சள் பால் கசியும். அந்தத் தோலை நுனிநாக்கில் வைத்துப் பாருங்கள், கசப்பும் துவர்ப்புமாக வாயை இழுக்கும். பூச்சியும் பூஞ்சையும் அண்டாமல் இருக்க மரம் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. சாந்தோன்கள் என்ற சேர்மங்கள் அங்கேதான் குவிந்திருக்கின்றன. அவற்றில் முக்கியமான ஆல்ஃபா மாங்கோஸ்டினை 1855இலேயே பிரித்தெடுத்துவிட்டார்கள். நாம் ருசித்துச் சாப்பிடும் வெள்ளைச் சுளையில் சாந்தோன் மிகக் குறைவு. வைட்டமின் சியும் அப்படியொன்றும் அதிகமில்லை. (பழத்தின் அடியில் பூ மாதிரி ஒரு தழும்பு இருக்கும். அதன் இதழ்களை எண்ணினால் உள்ளே எத்தனை சுளை என்று உரிக்காமலே சொல்லிவிடலாம்.)

சரி, அப்படியானால் தோல் மாத்திரை நல்லதுதானே? அங்கேதான் சிக்கல். சாந்தோன்கள் வீக்கத்தைத் தணித்ததும், புற்றுச் செல்களைக் கொன்றதும் பெரும்பாலும் ஆய்வகத் தட்டிலும் எலிகளிடமும். தட்டில் செல்லின் மேலேயே மருந்தை ஊற்றிவிடலாம். வாய்வழியாகப் போனால் கொஞ்சம்தான் ரத்தத்தில் சேரும், அதையும் கல்லீரல் சீக்கிரமே மாற்றி வெளியேற்றிவிடும். மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் சிறியவை. அவற்றை நம்பி சர்க்கரை மருந்தைக் குறைப்பது ஆபத்து.

மாத்திரையால் கெடுதல் வராது என்றும் சொல்ல முடியாது. மங்குஸ்தான் சாறைத் தினமும் குடித்துவந்த ஒருவருக்கு ரத்தத்தில் லாக்டிக் அமிலம் கடுமையாக ஏறியதாக 2008இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. சாறுதான் காரணம் என்று மருத்துவர்கள் சந்தேகித்தார்கள். ஒரே ஒருவர்தான். ஆனாலும் சர்க்கரைக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மருந்தும் அரிதாக லாக்டிக் அமிலத்தை ஏற்றலாம். அம்மா அதை எடுப்பவர், சிறுநீரகமும் தளர்ந்திருக்கிறது என்றால் எனக்குத் தயக்கம்தான். ரத்தம் உறைவதையும் மங்குஸ்தான் மாத்திரை தாமதப்படுத்தலாம் என்பதால், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களும் தொடவே கூடாது.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது அந்த டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். "ஏதோ மூலிகை மாத்திரை" என்று வாயால் சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது.