குளிர் வருமுன் பழுக்கும் முலாம்பழம் எது?

கேள்வி: ரொறன்ரோவில் வசிக்கிறோம். போன வருடம் பின்வளவில் ஹனிடியூ முலாம் நட்டோம். கொடி நன்றாகப் படர்ந்தது, காயும் பிடித்தது. பழுக்கும் முன்பே குளிர் வந்துவிட்டது. எந்த இனம் சரிவரும்?

பதில்: பிழை உங்கள் கையில் இல்லை, இனத்தில்தான். ஹனிடியூவுக்கு நல்ல வெயிலிலேயே 90 முதல் 110 நாள் வேண்டும். உங்கள் ஊரில் மே கடைசியில் உறைபனிப் பயம் நீங்கினாலும், மண் 18 பாகை செல்சியசைத் தொட ஜூன் பிறந்துவிடும். செப்டெம்பர் நடுப்பகுதியில் இரவுகள் குளிர்ந்ததும் கொடி பச்சையாக நிற்கும், காயில் இனிப்பு ஏறாது. ஆக, கையில் இருப்பது சுமார் 100 நாள்.

விதைப் பையில் உள்ள நாள் கணக்கு, சில நிறுவனங்களில் விதை ஊன்றிய நாளிலிருந்து, சிலவற்றில் கன்று நட்ட நாளிலிருந்து. அதுவும் நல்ல வெப்பத்துக்கான கணக்கு. குளிர்ந்த கோடையில் இன்னும் 10, 14 நாள் கூடும். 75 நாளுக்கு மேல் போட்டிருந்தால் அந்தப் பையை வைத்துவிடுங்கள்.

முதல் தெரிவு மினசோட்டா மிட்ஜெட். மினசோட்டா பல்கலைக்கழகம் 1948இல் வெளியிட்டது. 60 முதல் 70 நாள், கொடி மூன்று நான்கு அடிதான், பழம் ஓர் ஆள் சாப்பிடும் அளவு. வத்தகப்பழம் (தர்ப்பூசணி) வேண்டுமென்றால் பிளாக்டெய்ல் மவுண்டன்: இரவு குளிரும் அமெரிக்காவின் ஐடஹோவில் உருவானது, 70 நாள் சொச்சம். பலரும் வாங்கும் சுகர் பேபி வத்தகைக்கு 75 முதல் 80 நாள். வெயில் குறைந்த வருடத்தில் தவறலாம். கடைப் பழத்தில் எடுத்த விதை வேண்டாம். பெரும்பாலும் கலப்பினம், தாய்ப்பழம் போல் வராது.

ஏப்ரல் கடைசியிலோ மே முதல் வாரத்திலோ வீட்டுக்குள், மக்கிப்போகும் சட்டியில் விதையுங்கள். முளைக்க 25 பாகைக்கு மேல் சூடு வேண்டும். வேரைக் குலைத்தால் கன்று வாரக்கணக்கில் முடங்கும். அதனால் சட்டியோடு, இரண்டு மூன்று இலை விட்டதும் நடுங்கள். நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே பாத்தியில் கறுப்பு பிளாஸ்டிக் விரித்தால் மண் சூடேறும். கன்றுக்கு மேல் மெல்லிய துணிப் போர்வை போடுங்கள். முதலில் வருபவை ஆண் பூக்கள், உதிர்ந்தால் கவலை வேண்டாம். அடியில் குட்டிக் காயோடு பெண் பூ தெரிந்ததும் போர்வையை எடுங்கள், தேனீ வர வேண்டும்.

அந்தப் போர்வை வெள்ளரி வண்டையும் தடுக்கும். மஞ்சளில் கறுப்புக் கோடுள்ள அந்த வண்டு பரப்பும் பாக்டீரிய வாடல் வந்தால் முலாம் கொடி திடீரென வாடும், மருந்தில்லை. வத்தகைக்கு அந்த நோய் அநேகமாக வராது. வண்டுத் தொல்லை கடுமையான வளவென்றால் வத்தகையையே நடலாம்.

பூ காயாகிப் பழுக்க 35 முதல் 45 நாள். ஆகவே ஓகஸ்ட் முதல் வாரத்துக்குப் பின் பிடித்த பிஞ்சுகளைக் கிள்ளிவிடுங்கள். கொடிக்கு இரண்டு மூன்று காய் போதும். பழுக்கும் கடைசி வாரத்தில் தண்ணீரைக் குறையுங்கள், இல்லாவிட்டால் வெடிக்கும், சப்பென்றும் இருக்கும்.

மினசோட்டா மிட்ஜெட் பழுத்ததும் லேசாகத் தொட்டாலே காம்பிலிருந்து கழன்றுவிடும். பறித்த பின் மென்மையாகுமே தவிர இனிப்பு கூடாது. வத்தகை கழலாது, காம்பருகே உள்ள பற்றுக்கம்பி காய்ந்து, தரையில் பட்ட பக்கம் வெண்மையிலிருந்து மஞ்சளானதும் வெட்டுங்கள்.