எல்லா ஆறுகளும் ஒரே விகுதியில் முடிவது குறித்து

வணக்கம். உங்கள் நாவலுக்காக உருவாக்கிய மொழியில் ‘நீர்’ என்னும் ஒரே சொல்லை விகுதியாக ஒட்டியதால் ஆற்றுப் பெயர்கள் யாவும் செயற்கையாக ஒலிக்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். விகுதியில் குறையில்லை, எங்கள் இலங்கை மலையகத்திலும் பல ஆற்றுப் பெயர்கள் ஆற்றைக் குறிக்கும் ‘ஓயா’ என்னும் சிங்களச் சொல்லில்தான் முடிகின்றன. முன்பாதிகள் அனைத்தையும் ஒரே மக்கள் ஒரே காலத்தில் சூட்டியது போலிருப்பதே குறை. கெஹெல்கமு ஓயாவின் முன்பாதியில் வாழைக்குரிய சிங்களச் சொல்லும் ஊரும் இருக்கின்றனவே தவிர நீரைப் பற்றி எதுவும் இல்லை. மகாவலியோ மணலால் பெயர் பெற்றது; அதையும் தமிழில் மாவலி கங்கை என்று நம் வாய்க்கேற்ப மாற்றிக்கொண்டோம். நானுஓயாவில் நடந்தது இன்னும் சுவையானது: ஆற்றின் பெயர் நகருக்கும் புகையிரத நிலையத்துக்கும் ஆகிவிட, ஓயா என்பதன் பொருள் மங்கி, ‘நானுஓயா ஆறு’ என்று இரட்டித்துச் சொன்னாலும் இங்கு யாருக்கும் உறுத்துவதில்லை.

ஆகவே, உங்கள் உலகில் முதலில் குடியேறியவர்களின் சொல்லைச் சற்றே சிதைத்து வைத்து, பின்வந்தவர்கள் அதன்மேல் தம் சொல்லை ஒட்டும்படி செய்யுங்கள். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் கூடிக் களனி கங்கையாவது போல, சங்கமத்தில் மூன்றாம் பெயர் ஒன்றும் பிறக்கலாம். பொருள் விளங்காத பெயர்கள் இரண்டொன்றை வரைபடத்தில் அப்படியே விட்டுவிடுங்கள். அவற்றுக்கு அடிக்குறிப்பு எழுத வேண்டாம்.