சொல்லாமலே பார்வைக் குறையைக் கண்டுகொள்ள முடியுமா?

பிள்ளைக்கோ வீட்டுப் பெரியவருக்கோ பார்வை குறைந்திருப்பதை, அவர்கள் சொல்லாமலே கண்டுகொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் ‘நன்றாகத் தெரிகிறதா’ என்று கேட்டுப் பயனில்லை. சிறு வயதிலிருந்தே மங்கலாகப் பார்க்கும் குழந்தை, எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

குன்னூரில் வசிக்கும் எனக்கு இதை உணர்த்தியவள், அப்போது ஒன்றாம் வகுப்பில் இருந்த என் மகள். பந்தைப் போட்டால் பெரும்பாலும் பிடிக்கத் தவறுவாள். டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் கொஞ்சம் வெளியே சிந்தும். மாறுகண் இல்லை, தொலைக்காட்சியின் அருகே போய் உட்காரவும் இல்லை என்பதால், கவனக்குறைவு என்றே விட்டுவிட்டோம். ஒரு நாள் தலை வாரிவிடும்போது விளையாட்டாக அவளுடைய இடது கண்ணைப் பொத்தி, சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரில் என்ன தேதி என்று கேட்டேன், உடனே சொன்னாள். வலது கண்ணைப் பொத்தியதும் என் கையைத் தள்ளினாள். மறுபடி பொத்தியபோது, “கையை எடுங்கம்மா, ஒண்ணும் தெரியல” என்று அழத் தொடங்கிவிட்டாள்.

கோயம்புத்தூரில் பார்த்த மருத்துவர் அதைச் ‘சோம்பல் கண்’ என்றார். இரண்டு கண்களின் பவரும் வேறுபட்டிருந்ததால், மங்கலான காட்சியை அனுப்பிய கண்ணை மூளை ஒதுக்கப் பழகியிருந்தது. கண்ணாடி எழுதிக்கொடுத்து, நல்ல கண்ணை நாளுக்கு 2 மணி நேரம் ஒட்டுப்போட்டு மறைக்கச் சொன்னார். ஏழு வயதுக்குள் தொடங்கினால் பலன் அதிகம். பிறகும் முன்னேற்றம் உண்டு, மெதுவாகத்தான் வரும்.

கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது, கரும்பலகையை விட்டுப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுவது, வாசிக்கையில் வரி தவறுவது ஆகியவற்றையும் கவனியுங்கள். ஃப்ளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண்மணி வெண்மையாகப் பளிச்சிட்டால், அது விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கக்கூடும் என்பதால், உடனே மருத்துவரிடம் போங்கள்.

தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் அப்பா, செய்தித்தாளின் பொடி எழுத்தைக்கூடப் படிப்பார். அவரேதான் கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வார், வாசல் படியில் கால் தவறுவார், கேட்டால் மூடுபனியில் தெரியவில்லை என்பார். மலையில் இருக்கும் நாங்கள் அந்தப் பதிலைச் சந்தேகிக்கவே இல்லை. கண் அழுத்த நோய் பெரும்பாலும் பக்கப் பார்வையைத்தான் முதலில் பறிக்கும், நடுப்பார்வை நெடுநாள் தெளிவாகவே இருக்கும் என்பதைப் பின்னர்தான் அறிந்தோம். இழந்த பார்வை திரும்பாது. எஞ்சியதைக் காக்க அவர் தினமும் சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறார். பெற்றோருக்கு இந்நோய் இருந்தால் பிள்ளைகளுக்கும் வாய்ப்பு கூடுதல் என்பதால், நானும் ஆண்டுதோறும் பரிசோதித்துக்கொள்கிறேன். சர்க்கரை நோயுள்ளவர்கள் அறிகுறிக்காகக் காத்திருக்கவே கூடாது. விழித்திரை கெடத் தொடங்கும்போது பார்வையில் மாற்றம் எதுவும் தெரியாது.

உங்கள் வீட்டுப் பெரியவரும் பனியைக் காரணம் சொன்னால், நல்ல வெயில் அடிக்கும் நண்பகலில் அவர் அதே படியில் எப்படி இறங்குகிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.