விண்டோஸ் 11 லேப்டாப்பில் உபுண்டு போட செக்யூர் பூட்டை அணைக்கணுமா?

அணைக்க வேண்டியதில்லைங்க. திருப்பூரில் பனியன் கம்பெனிக் கணக்கு டேலியில் ஓடுது, அதே லேப்டாப்பில் உபுண்டுவும் வேணும், கடைக்காரர் செக்யூர் பூட்டை அணைத்து, லெகசி என்ற பழைய பூட் முறைக்கு மாற்றச் சொல்கிறார் என்று கேட்டிருக்கீங்க. லெகசிக்கு மட்டும் மாற்றவே மாற்றாதீங்க. உங்க விண்டோஸ் யூஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையில், ஜிபிடி என்ற புதிய வகையில் பிரித்த டிஸ்கில் இருக்கு. லெகசியில் அது பூட் ஆகாது.

செக்யூர் பூட் பார்ப்பது ஒன்றுதான்: முதலில் ஓடும் கோப்பில் ஃபர்ம்வேர் (மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) நம்பும் கையொப்பம் இருக்கா? உபுண்டுவில் முதலில் ஓடும் 'ஷிம்' கோப்பில் மைக்ரோசாஃப்ட் கையொப்பம் உண்டு. ஷிம் அடுத்து வரும் கிரப் என்ற பூட் மெனு நிரலைச் சரிபார்க்கும், அப்புறம் உபுண்டுவின் மையப் பகுதியான கெர்னல். என்விடியா போன்ற டிரைவர் சேர்த்தால் இன்ஸ்டாலர் ஒரு பாஸ்வேர்டு கேட்கலாம். ரீஸ்டார்ட்டில் வரும் நீலத்திரையில் 'என்ரோல் மோக்' (புது கையொப்பச் சாவியைச் சேர்) எடுத்து அதையே கொடுங்க. அந்தத் திரை சில நொடிதான் நிற்கும். பலர் கோட்டை விடுவது அங்கேதான்.

எனக்குக் கவலை, டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர்தான். பூட் அமைப்பு மாறினால் விண்டோஸ் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கலாம். அது கையில் இல்லையென்றால் ஏற்றுமதி பில் உட்பட எல்லாம் பூட்டியபடியே கிடக்கும். முதலில் அதைத் தாளில் எழுதி வைங்க, டேலி டேட்டாவை வெளி ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுங்க.

பிறகு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை (ஷட்டவுன் செய்தாலும் விண்டோஸை முழுசா நிறுத்தாத வசதி) அணைத்து, டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே சி டிரைவைச் சுருக்கி இடம் விடுங்க. இன்ஸ்டால் செய்யும்போது, ஏற்கெனவே இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனை ஃபார்மட் செய்யாதீங்க. விண்டோஸின் பூட் கோப்புகளும் அதில்தான் இருக்கு.