வாகனம் கேள்வி-பதில்: புதிய சிஆர்-வியில் உண்மையில் எது புதிது?

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஹோண்டா சிஆர்-வியைப் பற்றியவை. அவற்றுள் ஐந்து கடிதங்கள் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்தே வந்திருக்கின்றன. நானும் அந்த ஊர்க்காரன்தான் என்பதால், அங்குள்ள சாலைகளை மனத்தில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம். தோட்ட அலுவலகத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். 2008-இல் வாங்கிய சிஆர்-வி இன்னும் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. புதியதைப் பார்க்க ஈப்போவுக்குப் போனபோது, இது முற்றிலும் புதிய வாகனம் என்று விற்பனையாளர் சொன்னார். முகத்தைத்தான் மாற்றியிருக்கிறார்கள், எஞ்சின் பழையதுதான் என்கிறான் என் மகன். யார் சொல்வது சரி?

பதில்: ஐயா, இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. 2022 ஜூலையில் அமெரிக்காவில் வெளியாகி, 2023 டிசம்பரில் மலேசியாவுக்கு வந்த இந்த ஆறாம் தலைமுறை சிஆர்-வியின் உடல் புதிதாக வரையப்பட்டது. விளக்கையும் பம்பரையும் மாற்றிவிட்டுப் புதியது என்று சொல்லும் இடைக்கால ஒப்பனை அல்ல இது. நீளம் 4,691 மில்லிமீட்டர். முந்தைய தலைமுறையைவிட இது 68 மில்லிமீட்டர் கூடுதல். முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரமும் 40 மில்லிமீட்டர் வளர்ந்து 2,700 ஆகியிருக்கிறது. எஞ்சினைப் பொறுத்தவரை உங்கள் மகன் சொல்வது சரி. 193 குதிரைத்திறனும் 243 நியூட்டன் மீட்டர் இழுவிசையும் கொண்ட அந்த 1.5 லிட்டர் டர்போ, முந்தைய தலைமுறையிலேயே வந்துவிட்ட ஒன்று.

ஆனால் நீங்கள் ஒப்பிட வேண்டியது முந்தைய தலைமுறையோடு அல்ல, உங்கள் வீட்டில் நிற்கும் மூன்றாம் தலைமுறையோடு. அதிலிருப்பது 150 குதிரைத்திறனும் 190 நியூட்டன் மீட்டர் இழுவிசையும் உள்ள 2.0 லிட்டர் எஞ்சின். ஜெலாப்பாங்கைத் தாண்டி மெனோரா சுரங்கப்பாதையை நோக்கி ஐந்து பேரோடும் பெட்டிகளோடும் ஏறும்போது, கியர் இறங்கி எஞ்சின் அலறுவதை நீங்கள் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கேட்டிருப்பீர்கள். டர்போ எஞ்சின் தன் முழு இழுவிசையையும் குறைந்த சுழற்சியிலேயே தந்துவிடுவதால், அதே ஏற்றத்தைப் புதிய வாகனம் சத்தமில்லாமல் ஏறிவிடும்.

வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த மாற்றத்தை எந்த விற்பனையாளரும் சொல்லிக் கேட்டதில்லை. முன்கண்ணாடியின் இரு பக்கமும் சாய்ந்து நிற்கும் தூண்களைப் பின்னுக்குத் தள்ளி, பக்கக் கண்ணாடிகளைத் தூணின் அடியிலிருந்து எடுத்துக் கதவின் மேல் வைத்திருக்கிறார்கள். விடியற்காலை ஐந்தரை மணிக்கு லாசா சாலைக்குள் திரும்பும் சந்திப்பில் நின்று பார்த்தால் இதன் அருமை விளங்கும். பழைய வாகனத்தில், வலப்பக்கத் தூணும் கண்ணாடியும் சேர்ந்து மறைக்கும் அந்த ஓரடி இடத்துக்குள், விளக்கு மங்கிய ஒரு கப்சாய் மோட்டார் சைக்கிளும் அதில் வேலைக்குப் போகும் இருவரும் முழுசாக ஒளிந்துகொள்வார்கள். தலையை முன்னே நீட்டி, பின்னே சாய்த்துப் பார்த்த பிறகே திரும்ப வேண்டும். புதிய வாகனத்தில் தூணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறது. முகப்பின் கம்பிவலை அழகா இல்லையா என்று வாதாடுவதைவிட, இந்த இடைவெளியை ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்ப்பது பயனுள்ளது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. உங்கள் பழைய சிஆர்-வியைவிட இது ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் நீளம். தாமான் வீடுகளின் முன்கூடம் பலவற்றில், பழைய வாகனத்தை நிறுத்திக் கதவைச் சாத்தினாலே ஒரு சாண்தான் மிஞ்சும். முன்பணம் கட்டும் முன் அளவு நாடாவை எடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1995-இல் ஜப்பானில் பிறந்த முதல் சிஆர்-வியிலும் அதற்கடுத்த தலைமுறையிலும் பின்பக்கத் தளப்பலகையை வெளியே எடுத்துக் காலை விரித்தால் அது ஒரு மேசையாகிவிடும். அது உல்லாசப் பயணத்துக்கு உதவும் என்று வாகனத்தை வரைந்தவர்கள் நினைத்திருப்பார்கள். எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அதன்மேல் மூன்று வருடம் அன்னதானத்துக்குக் கத்தரிக்காய் நறுக்கினோம். மூன்றாம் தலைமுறையோடு அந்த மேசை போய்விட்டது. எத்தனை திரை வைத்தாலும் அந்த மேசைக்கு ஈடாகாது என்பது என் தனிப்பட்ட மனத்தாங்கல்.

கேள்வி: வணக்கம் ஐயா. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. கணவர், இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள என் மாமியார் என ஐவர் கொண்ட குடும்பம். சின்னவனுக்கு இரண்டு வயது. சிஆர்-வி போதுமா, இல்லை மூன்று வரிசை இருக்கை உள்ள வாகனமே வாங்க வேண்டுமா?

பதில்: அம்மா, உங்கள் மாமியாரை உடன் அழைத்துச் செல்லாமல் எந்த வாகனத்தையும் முடிவு செய்யாதீர்கள். முழங்கால் வலியுள்ளவருக்கு வாகனம் உயரமாக இருந்தால் நல்லது என்பார்கள். அது முழு உண்மையல்ல. இருக்கை அவருடைய இடுப்பின் உயரத்திலேயே இருக்க வேண்டும். தாழ்வாக இருந்தால் உட்காரும்போது வலிக்கும், உயரமாக இருந்தால் ஏறும்போது வலிக்கும். சேலையோடு வரச் சொல்லுங்கள். முதலில் இருக்கையில் பக்கவாட்டில் உட்கார்ந்து, பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்பச் சொல்லுங்கள். சிஆர்-வியின் பின்கதவு கிட்டத்தட்ட 90 பாகை திறப்பதால், கால் கதவில் இடிக்காமல் திரும்ப இடம் கிடைக்கும். பின்னிருக்கையின் முதுகை எட்டு நிலைகளில் சாய்க்கவும் முடிகிறது. முதுகு நேராக நிற்கும் இருக்கையில் பினாங்கு வரை போய்வந்த வயதானவர்களுக்கு இது சின்ன வசதியாகத் தோன்றாது.

இனி இட நெருக்கடி. நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் குழந்தைகளுக்குப் பாதுகாப்பு இருக்கை கட்டாயம். அந்த இருக்கையைப் பின்வரிசையில் ஓர் ஓரத்தில் பூட்டிவிட்டால், மீதமிருக்கும் இடத்தில் பெரியவரும் மூத்த பிள்ளையும் உட்கார வேண்டும். உங்கள் ஐவருக்கு அது போதும். ஆனால் வார இறுதியில் நாத்தனார் குடும்பமும் சேர்ந்துகொள்ளும் வீடு என்றால், இங்கு விற்கும் சிஆர்-வியில் ஐந்து இருக்கைகள் மட்டுமே உள்ளன என்பதை நினைவில் வையுங்கள். அப்படியானால் 2023 மே மாதம் வந்த புரோட்டோன் எக்ஸ்90-ஐப் பார்க்கலாம். அதில் மூன்று வரிசை உண்டு, அறிமுக விலையும் 123,800 ரிங்கிட்டில் தொடங்கியது. ஆனால் அதன் உச்ச வகையில் நடுவரிசையில் தனித்தனியாக இரண்டு இருக்கைகள் வைத்திருப்பதால் மொத்தம் ஆறு பேர்தான் அமரலாம். ஏழு என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். மூன்றாம் வரிசையில் பெரியவர்களை அரைமணி நேரத்துக்கு மேல் உட்கார வைப்பது எந்த வாகனத்திலும் கருணையான செயல் அல்ல.

சாமான் வைக்க சிஆர்-வியில் 589 லிட்டர் இடம் இருக்கிறது. மடக்கு சக்கர நாற்காலியும் ஒரு வாரத் துணிப்பெட்டிகளும் தாராளமாக அடங்கும். தைப்பூசத்துக்கு ஈப்போவின் குனோங் சீரோ முருகன் கோயிலுக்குக் காவடி கொண்டுபோக முடியுமா என்று பின்குறிப்பில் கேட்டிருக்கிறீர்கள். முடியாது. அதற்கு லோரிதான்.

கேள்வி: அண்ணா, தானாக பிரேக் போடும், தானாக ஸ்டியரிங்கைத் திருப்பும் என்றெல்லாம் விளம்பரம் செய்கிறார்களே, இவை நம் ஊரில் வேலை செய்யுமா?

பதில்: தம்பி, ஹோண்டா சென்சிங் என்ற இந்தத் தொகுப்பு ஆறாம் தலைமுறையின் எல்லா வகைகளிலும் உண்டு. முன்னே போகும் வாகனத்துக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைப்பது, மோதப்போகும் நிலையில் பிரேக் போடுவது, கோட்டைத் தாண்டினால் வாகனத்தை மீண்டும் தடத்துக்குள் இழுப்பது ஆகியவை இதில் அடங்கும். நெடுஞ்சாலையில் இவை அருமையாக வேலை செய்கின்றன. தடத்துக்குள் வைத்திருக்கும் வசதியோ, சாலையில் வரைந்த வெள்ளைக் கோட்டைக் கேமரா பார்த்தால்தான் இயங்கும். செம்பனைக் காட்டுக்குள் போகும் செம்மண் பாதையில் கோடு ஏது? அங்கே நீங்களேதான் ஓட்ட வேண்டும். தானியங்கி உயர்விளக்கையும் தோட்டச் சாலையில் முழுமையாக நம்பாதீர்கள். எதிரே வரும் விளக்கைப் பார்த்துத்தான் அது தன் ஒளியைத் தாழ்த்தும், விளக்கில்லாமல் சைக்கிளில் வருபவருக்காகத் தாழ்த்தாது. திரையைப் பற்றிக் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன்: குளிர்சாதனத்துக்குத் திருகும் குமிழ்களை எடுத்துவிடாமல் வைத்திருப்பது, எல்லாவற்றையும் திரைக்குள் புதைக்கும் இந்தக் காலத்தில் பாராட்ட வேண்டிய முடிவு.

கேள்வி: எஞ்சினோடு மின்மோட்டாரும் உள்ள ஹைப்ரிட் வகையை எடுத்தால் பெட்ரோல் மிச்சம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கூடுதல் விலை கொடுக்கலாமா?

பதில்: கணக்கைப் போட்டுவிடுவோம். காப்புறுதி நீங்கலாக அறிமுக விலை, டர்போ எஞ்சின் கொண்ட இ வகைக்கு 169,900 ரிங்கிட், ஹைப்ரிட் ஆர்எஸ் வகைக்கு 195,900 ரிங்கிட். வித்தியாசம் 26,000. நீங்கள் ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓட்டுவதாகவும், 100 கிலோமீட்டருக்கு டர்போ 8 லிட்டரும் ஹைப்ரிட் 5.5 லிட்டரும் குடிப்பதாகவும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 500 லிட்டர் மிச்சம். 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய பூடி95 என்னும் மானியப் பெட்ரோல் திட்டத்தின் விலையான லிட்டருக்கு 1.99 ரிங்கிட்டில் அது 995 ரிங்கிட். ஆனால் சாலை வரி எஞ்சின் கொள்ளளவைப் பொறுத்தது. 1.5 லிட்டருக்கு 120 ரிங்கிட் கட்டினால், ஹைப்ரிட்டின் 2.0 லிட்டர் எஞ்சினுக்கு ஏறத்தாழ 437 கட்ட வேண்டும். அதைக் கழித்தால் மிஞ்சுவது 680 ரிங்கிட்டுக்கும் குறைவு. போட்ட பணம் திரும்பிவர 38 ஆண்டுகள் ஆகும். வங்கிக் கடனோ அதிகபட்சம் 9 ஆண்டுகளில் முடிந்துவிடும்.

அந்த 26,000-இல் வேறு அலங்காரங்களும் அடக்கம் என்பதால் இந்தக் கணக்கு ஹைப்ரிட்டுக்குக் கொஞ்சம் அநியாயம் செய்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அதன் நயம் வேறிடத்தில் இருக்கிறது. சாதாரண வேகத்தில் எஞ்சின் மின்சாரம் தயாரிக்க மட்டுமே உழைக்க, சக்கரத்தைச் சுழற்றுவது மின்மோட்டார்தான். நெடுஞ்சாலை வேகத்தில்தான் எஞ்சின் நேரடியாகச் சக்கரத்தோடு இணைகிறது. அதனால் ஊருக்குள் நெரிசலில் நகரும்போது வாகனம் ஊஞ்சல்போல் அமைதியாகப் போகும். அந்த அமைதிக்காக வாங்கலாம், பெட்ரோல் மிச்சத்துக்காக வாங்க வேண்டாம். என்னைக் கேட்டால் இ வகையே போதும்.

கேள்வி: வெள்ளையா, கறுப்பா?

பதில்: தோட்டச் சாலை என்றால் இரண்டும் வேண்டாம். சாம்பல் நிறம் எடுங்கள். செம்மண் புழுதி வெள்ளையில் பளிச்சென்று தெரியும், கறுப்பிலோ கழுவும் துணியின் கீறல்கூடத் தெரியும்.

கேள்வி: ஐயா, செம்பனைத் தோட்டத்துக்குள் தினமும் ஆறு கிலோமீட்டர் போய்வருகிறேன். நான்கு சக்கர இயக்கம் உள்ள வி வகை தேவையா?

பதில்: சிஆர்-வியின் அடிப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதால், சரளை கொட்டிய தோட்டப் பாதைக்கு இரு சக்கர இயக்கமே போதும். மழைக்காலத்தில் பழம் ஏற்றும் லோரிகள் உழுதுவைத்த தடத்தில் தினமும் ஏறி இறங்க வேண்டும் என்றால் மட்டும் வி வகைக்குப் போங்கள். அப்போதும், நான்கு சக்கர இயக்கம் வழுக்கலில் வண்டியைக் கிளப்புமே தவிர, வழுக்கலில் நிறுத்த உதவாது.

உங்களுக்கு அதைவிடப் பெரிய எதிரி வெட்டிப்போட்ட செம்பனை மட்டையின் முள். காய்ந்த பிறகு அது ஆணிக்குச் சமம். டயரின் நடுப்பகுதியில் ஏறினால் ஒட்டிவிடலாம், பக்கச் சுவரில் ஏறினால் டயரையே தூக்கிப்போட வேண்டியதுதான். ரிம் பெரிதாகப் பெரிதாக அந்தப் பக்கச் சுவர் மெலிந்துகொண்டே போகும் என்பதால், பெரிய ரிம்முக்கு ஆசைப்படாதீர்கள். இப்போது வரும் வாகனங்கள் சிலவற்றில், குறிப்பாக ஹைப்ரிட் வகைகளில், மாற்றுச் சக்கரத்துக்குப் பதிலாக ஒரு புட்டிப் பசையும் சின்னக் காற்றுப் பம்பும் மட்டுமே வைக்கிறார்கள். பக்கச் சுவர் கிழிந்தால் அந்தப் பசையால் பயனில்லை, தோட்டத்துக்கு நடுவே கைப்பேசியில் அலைவரிசையும் இருக்காது. விற்பனை நிலையத்தில் பின்கதவைத் திறந்து, தளப்பலகையைத் தூக்கி, அடியில் சக்கரம் இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பார்த்துவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.