ஜப்பானில் மே 5 அன்று வீட்டுக்கு வீடு துணி மீன் பறக்கவிடுவது ஏன்?

அன்று அங்கே குழந்தைகள் தினம், அரசு விடுமுறை. பறப்பது கெண்டை மீன், பெயர் கொய்னோபோரி. மஞ்சள் ஆற்றின் அருவியை எதிர்த்து ஏறிய கெண்டை டிராகனாக மாறியது என்பது சீனப் பழங்கதை. பிள்ளையும் அப்படி எதிர்நீச்சல் போட்டு மேலே வரட்டும் என்பதுதான் வேண்டுதல். வாயில் வளையம் கட்டிய நீளமான துணிப்பை அது. காற்று புகுந்ததும் உப்பி, வாலை ஆட்டி நீந்தும். பெரிய கறுப்பு மீன் அப்பா, சிவப்பு அம்மா, சின்னவை பிள்ளைகள் என்பது பின்னால் வந்த வழக்கம். ஓவியர் ஹிரோஷிகே 1857இல் வரைந்த எடோ (இன்றைய டோக்கியோ) நகரக் காட்சியில் எல்லாமே கறுப்பு மீன்கள்தான்.

முன்பு இது ஆண்பிள்ளைகளுக்கான பண்டிகை. வீட்டுக்குள் சாமுராய் தலைக்கவசம் வைப்பது அதன் மிச்சம். 1948இல்தான் சட்டப்படி எல்லாக் குழந்தைகளுக்குமான நாளானது. தாய்க்கு நன்றி சொல்வதும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனாலும் பெண்பிள்ளைகளுக்கு மார்ச் 3 பொம்மைத் திருவிழா தனியாக நடப்பதால், பழைய சாயல் முழுக்கப் போய்விடவில்லை என்பேன்.

தின்பண்டம் காஷிவா மோச்சி: இனிப்புப் பயறு வைத்த அரிசிமாவு உருண்டை, ஓக் இலையில் மடித்தது. புதுத் துளிர் வரும்வரை அந்த மரத்தில் பழைய இலை உதிராதாம்; வம்சம் அறுபடாது என்பதற்கு அடையாளம். இலையைச் சாப்பிட மாட்டார்கள்.

நமக்குச் சுவாரசியமானது குளியல்தான். தீங்கு அண்டாமலிருக்க வெந்நீர்த் தொட்டியில் ஷோபு இலைகளை மிதக்கவிடுவார்கள். வேறொன்றுமில்லை, கைக்குழந்தைக்கு நாம் கட்டும் வசம்பு இருக்கிறதே, அந்தச் செடியின் இலை!