கடற்கரையில் யாரும் எழுந்து போகலாம்

அன்புள்ள ஐயா,

மூன்று வருடமாகச் சிறுகதை எழுதுகிறேன். அனுப்பிய இடங்களிலிருந்து இரண்டே வகைப் பதில்தான் வருகிறது: ‘கதையில் முரண் இல்லை’, ‘களம் அமையவில்லை’. முரண் இல்லை என்றதும் அடுத்த கதையில் ஒரு பெரிய சண்டையை வைத்தேன். களம், அதாவது கதை நடக்கும் இடம், இல்லை என்றதும் முதல் இரண்டு பத்திகளைச் சூரிய அஸ்தமனத்துக்கு ஒதுக்கினேன். அப்படியும் அதே பதில். மனிதனுக்கும் மனிதனுக்கும், மனிதனுக்கும் இயற்கைக்கும், மனிதனுக்கும் சமூகத்துக்கும், தனக்குள்ளேயே என்று முரணை வகை பிரித்துப் படித்திருக்கிறேன். என் கதை எதில் சேரும்? இணைத்திருக்கிறேன், நேரமிருந்தால் பாருங்கள்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கதையை இரண்டு முறை படித்தேன். பிரிவதென்று முடிவெடுத்த கணவனும் மனைவியும் கடற்கரையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். பேச்சு சண்டையாகிறது. அவன் கத்துகிறான், அவள் அழுகிறாள், அலை வருகிறது, போகிறது.

அந்த வகைப் பட்டியலை முதலில் ஓரமாக வையுங்கள். எழுதி முடித்த கதையை வகுப்பில் பிரித்துப் பார்க்க அது உதவும். (வகை பார்த்து நல்ல கதை எழுதிய ஒருவரையும் நான் சந்தித்ததில்லை.) எழுதுகிறவருக்கு ஒரே கேள்விதான்: இந்த ஆளுக்கு என்ன வேண்டும், அது ஏன் கிடைக்கமாட்டேன் என்கிறது? அந்த இழுபறிதான் முரண். சண்டையே இல்லாமலும் அது இருக்கலாம்.

ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1886-இல் எழுதிய ஒரு கதையில் மகனைப் பறிகொடுத்த குதிரைவண்டிக்காரன் வருகிறான். அதை யாரிடமாவது சொல்லி ஆற வேண்டும், அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான். வண்டியில் ஏறுகிறவர்கள் யாரும் காது கொடுப்பதில்லை. அவர்களில் வில்லன் என்று ஒருவனும் கிடையாது, அவரவருக்கு அவரவர் அவசரம். கடைசியில் தன் குதிரையிடம் சொல்கிறான். இப்போது கதை நடக்கும் இடத்தைப் பாருங்கள். பனி கொட்டும் மாலை, ஜனம் நிறைந்த நகரம். அவனை ஒரு சின்ன கிராமத்தில் வைத்திருந்தால் விடிவதற்குள் ஊரே வந்து துக்கம் விசாரித்திருக்கும். கதையே இருந்திருக்காது.

உங்கள் கதையைக் கடற்கரையிலிருந்து பூங்காவுக்கு மாற்றினால் என்ன ஆகும்? அலைக்குப் பதில் மரம். வேறொன்றும் மாறாது. அதைத்தான் களம் அமையவில்லை என்று எழுதியிருப்பார்கள். அதைவிடப் பெரிய சிக்கல், பிடிக்கவில்லை என்றால் இருவரில் யார் வேண்டுமானாலும் எழுந்து, மணலைத் தட்டிவிட்டுப் போய்விடலாம்.

நானும் இதில் அடிபட்டவன்தான். அண்ணன் தம்பி வீட்டைப் பாகம் பிரிக்கிற கதை ஒன்று எழுதினேன். கூடத்தில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் கத்தினார்கள். உயிரே இல்லை. ஒரு வருடம் கிடப்பில் கிடந்தது. அப்புறம் ஒருநாள் அவர்களை, நோயாளி அம்மா தூங்கும் அறைக்குள் கொண்டுபோய் விட்டேன். இரவு. அவளைத் தனியே விட்டு வெளியே போக முடியாது, குரலை உயர்த்தவும் முடியாது. எழுதி வைத்திருந்த வசனத்தில் முக்கால்வாசி அங்கேயே உதிர்ந்துவிட்டது, அதையெல்லாம் கிசுகிசுப்பாகச் சொல்ல முடியாதே. மிச்சமிருந்த கால்வாசிதான் கதை. அம்மா புரண்டு படுக்கும்போதெல்லாம் இருவரும் பேச்சை நிறுத்துகிறார்கள். அவள் உண்மையிலேயே தூங்குகிறாளா என்ற சந்தேகம் எனக்கே பாதியில்தான் வந்தது.

வருணனை எவ்வளவு வேண்டும் என்பதும் இதிலேயே தீர்ந்துபோகும். அந்த அறைச் சுவரின் நிறத்தை நான் எழுதவில்லை. கிறீச்சிடும் கதவை எழுதினேன், அவர்களுக்கு அது தொல்லை என்பதால்.

இன்னொன்று. பாட்டுக்கு அடிப்படையான முதற்பொருள் எது என்று சொல்லும்போது தொல்காப்பியம் நிலத்தோடு நிறுத்தவில்லை, நிலமும் பொழுதும் என்று சேர்த்தே சொல்கிறது. முல்லைத் திணை என்றால் காடும் உண்டு, கார்காலமும் மாலையும் உண்டு. கார் தொடங்கும்போது வந்துவிடுகிறேன் என்று போனவனைக் காணோம், மேகம் திரண்டுகொண்டிருக்கிறது. அந்த மேகத்தை எடுத்துவிட்டால், காத்திருக்கும் தலைவி எதற்காகத் தவிக்க வேண்டும்?

உங்கள் அஸ்தமனம் அழகுக்கு இருக்கிறது. ஆனால் உங்களை அறியாமலே ஒரு காரியம் செய்திருக்கிறீர்கள். அந்தப் பெண் மூன்று இடங்களில் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறாள். ஏனென்று நீங்கள் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. கதை முடிந்த பிறகு எனக்கு அலையும் மணலும் மறந்துவிட்டன, அந்தக் கடிகாரம் மட்டும் நிற்கிறது. அவள் எத்தனை மணிக்கு, எங்கே போக வேண்டும்? அது அவனுக்குத் தெரியுமா?

அதை எழுதிவிட்டு அனுப்புங்கள்.